கடந்த ஆண்டில் நாம் நாடிய தளங்கள்



கைப்பேசியைக் கண்டாலே முகஞ்சுளிப்பவர் என்று எம் பங்கு இளைஞர்கள் நம்மைப் பற்றிக் கூறுவதுண்டு. அவர்கள் வியப்புறும்படி, கடந்த ஓராண்டில் நாம் விரும்பி நாடிய இணையதளங்கள் சிலவற்றை இங்கே குறிப்பிடுகிறோம்.

மாலை நடையின்போது வத்திக்கான் வானொலியின் தமிழ் ஒலிப்பதிவுகளைக் கேட்கிறோம். சிற்றலை இரைச்சலுக்கிடையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட காலமும் உண்டு!

1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்ட தமிழ் நூல்கள் உள்ளன. குருமடத்தில் தேர்வுக்கு அஞ்சிப் படித்த தேம்பாவணியை அங்கே எழுத்துகளைப் பெரிதாக்கி, அச்சமின்றிப் படித்தோம்.

ஆயினும் நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது, இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் 'நூலகம்' என்னும் தளமே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய இத்தளத்தில் பெருநூல்கள் மட்டுமல்ல, பாடசாலை மலர்களும் நினைவு மலர்களுங்கூடப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன.

அவற்றைக் கண்டபோது நமக்கு நாணமே உண்டாயிற்று. எம் பங்கின் பழைய திருவிழா மலர்கள் குருவானவர் இல்லத்து அலமாரியில் கரையானுக்கு இரையாகி, இரண்டே எஞ்சியுள்ளன. இங்கே தீ வைத்தவர் எவருமிலர்; நமது அசட்டையே காரணம். எம் பங்கிலிருந்து வெளியூர் சென்று குடியேறியோர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மலர் ஏதேனும் கிடைப்பின் அனுப்பி உதவுங்கள். மேற்சொன்ன இளைஞர்களே படமெடுத்துத் தர இசைந்துள்ளனர். மூலப்படியைத் தவறாது திருப்பியனுப்புவோம்.