நாய் தமிழனுடையது; நூல் எவனுடையது?

நகரத்துத் தமிழன் ஒருவன் நாய் வளர்க்க விரும்புகின்றான். விரும்பியவுடன் நூற்கடைக்குச் செல்கின்றான். அங்கு அவன் கைக்கு வருவது, வழவழப்பான தாளில் வண்ணப் படங்களுடன் அச்சான ஆங்கில நூல். ஆல்ப்சு மலைப் பனியில் வழிதவறியோரைத் தேடிய நாய் அதில் உண்டு; சைபீரியப் பனிவெளியில் சறுக்குவண்டி இழுத்த நாய் உண்டு; இசுக்காட்லாந்து மேட்டு நிலத்தில் ஆட்டுக்கிடை மடக்கிய நாய் உண்டு. கோம்பை எங்கே? சிப்பிப்பாறை எங்கே? கன்னி எங்கே? பெரும்பாலான நூல்களில் இல்லை. இருப்பினும் ஓரிரு வரிகளோடு சரி.

அந்நூலைப் படித்து முடித்த தமிழன் என்ன முடிவுக்கு வருகின்றான்? நூலில் உள்ளதே இனநாய். தன் ஊரில் உள்ளது வெறும் நாய் என்னும் முடிவிற்கு வருகின்றான். வந்தவன், இரட்டை மயிர்ப்போர்வை கொண்ட பனிநாட்டு நாயைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிச் சித்திரை வெயிலில் கட்டிப் போடுகின்றான். அது நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கின்றது. இக்கேட்டிற்கு அந்நாய் பொறுப்பன்று. அந்நூலும் முழுப் பொறுப்பன்று. எந்நூல் நன்னூல், எந்நூல் வெறுநூல் என்று தேரத் தெரியாத அறியாமையே பொறுப்பு.

ஆங்கிலேயனைக் குறை கூறிப் பயனில்லை. அவன் தன் நாயைத் தன் மொழியில் எழுதினான். கேம்பிரிட்சில் கற்ற மருத்துவர் சான் காயசு என்பார், பிரித்தானிய நாய்களைப் பற்றி 1570இல் இலத்தீன மொழியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆறே ஆண்டுகளில், 1576இல், அஃது ஆங்கிலத்திற்கு வந்துவிட்டது. புலவர் மொழியில் கிடந்த நாய்நூலைப் பொதுமக்கள் மொழிக்குக் கொண்டுவர அவர்களுக்கு ஆறாண்டு போதியதாயிற்று! பின்னர் 1859இல் நியூகாசில் நகரில் வேட்டைநாய்க் கண்காட்சி நடத்தினர், 1873இல் இலண்டனில் நாய்வளர்ப்போர் கழகம் கண்டனர், வழிமரபேடு எழுதினர். இன்று உலகெங்கும் விற்கும் நாய்நூல்களின் பின்னே நானூற்றைம்பது ஆண்டு உழைப்பு நிற்கின்றது.

தமிழனுக்கு அத்தகைய அடித்தளம் இல்லையா? உண்டு, அதனினும் பழைமையானதே உண்டு. நாயின் இளமைக்குக் குருளை என்றும், குட்டி என்றும், பறழ் என்றும் பெயர் வகுத்தது தொல்காப்பிய மரபியல். பெண்ணாய்க்குப் பிணவு என்னும் பெயர் உரியது என்றும் அது கூறுகின்றது. ஞமலி, ஞாளி என்னும் சொற்கள் கழக இலக்கியத்தில் வழங்குகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்மன் காலத்தில் நட்ட நடுகல் ஒன்று நிற்கின்றது. கருந்தேவக்கத்தி என்னும் மறவனோடு அவன் நாயும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியையும் அக்கல் சொல்கின்றது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன் நாயின் பெயரைக் கல்லில் வெட்டியவன் தமிழன். இன்று தன் நாய்க்கு டைகர் என்றும் டாமி என்றும் பெயரிட்டு, ‘கம்’, ‘கோ’, ‘சிட்’ என்று ஏவுபவனும் அதே தமிழன்!

ஆயினும், கல்லைக் காட்டி மார்தட்டினால் போதாது. கல் வேறு, நூல் வேறு. கோவிவன் எவ்வினத்து நாய், என்ன உயரம், என்ன நிறம் என்று அக்கல்லைக் கேட்டறிய இயலாது. அதனைச் சொல்ல வேண்டியது நூல். இந்திய நாய்களைப் பற்றித் தனி நூலாக சோமன் என்பார் எழுதியது 1963இல் மும்பையில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ்நாட்டுத் தலைமை அஞ்சல்துறைத் தலைவராய் இருந்து ஓய்வுபெற்ற தியடோர் பாசுகரன் எழுதிய நூலும் 2017இல் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. அவர் தமிழிலும் இப்பொருள்பற்றி எழுதியவர் என்பது ஆறுதல். ஆனால் ஒருவர் எழுத்தே ஒரு நாட்டின் நூலகம் ஆகிவிடுமா? 2005இல் அஞ்சல்தலையில் இராசபாளையம் இடம்பெற்றது. நடுவணரசின் விலங்கு மரபுவள நிறுவனம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனியினங்களாகப் பதிந்துள்ளது. அஞ்சல்தலையில் ஏறிய நாய், அரசுப் பதிவேட்டில் ஏறிய நாய், தமிழனின் நூலடுக்கில் ஏறாதது ஏன்?

நூல் வேண்டும் என்பது மட்டும் போதாது. நூலைத் தேரவும் வேண்டும். நாய்நூலைக் கையில் எடுப்பவன் ஐந்து கேள்விகளைக் கேட்பானாக.

முதற்கேள்வி: நூலாசிரியன் நாயின் பெயரை அறிவானா? கன்னி என்னும் நாயையே எடுத்துக்கொள்க. மணமகளுக்குச் சீராகக் கொடுத்ததால் கன்னி எனப் பெயர் பெற்றது என்று ஒருவர் எழுத, அதனைப் பார்த்துப் பலரும் எழுதிவிட்டனர். இவர்களுள் எவரேனும் ஆட்டிடையனைக் கேட்டாரா? அதே தென்பாண்டிக் கரிசற்காட்டில் கன்னியாடு என்று ஓர் ஆடும் உண்டு. கறுத்த உடலில் வெண்கோடு ஓடினால் பால்கன்னி; செங்கோடு ஓடினால் செங்கன்னி. கன்னிநாயும் கறுத்த உடலில் புருவத்திலும் காலிலும் வெளிறிய அல்லது சிவந்த குறி உடையதே. அந்த ஆட்டையும் மணமகளுக்குச் சீர் கொடுத்தார்களோ? கன்னி என்பது நிறத்தைக் குறித்த இடையர் சொல் என்று கொள்வதே பொருந்தும். சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்த்தவனுக்கு மணப்பெண் தெரிந்தாள். ஆட்டுக்கிடையில் நின்று கேட்டவனுக்கே நிறம் தெரியும். பெயரில் வழுக்கிய நூல் பிறவற்றில் நேர்நிற்கும் என்று நம்புவது எங்ஙனம்?

இரண்டாம் கேள்வி: நாயின் நிலமும் தொழிலும் நூலில் உண்டா? சிப்பிப்பாறை ஏன் ஒட்டிய வயிறும் நீண்ட காலும் கொண்டது? மரம் குறைந்த கரிசல் வெளியில் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்க வேண்டியிருந்ததால். அவ்வேட்டையை 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்க் காப்புச் சட்டம் தடுத்தது, தடுத்தது முறையே. ஆனால் தொழில் போன பின் அந்நாய்க்கு என்ன வேலை, அதனை எங்ஙனம் ஓடவிட்டு வளர்ப்பது என்று சொல்லாத நூல், உயரத்தையும் எடையையும் மட்டும் அளந்து தருவது தையற்காரன் கணக்கே அன்றி அறிவுநூல் ஆகாது.

மூன்றாம் கேள்வி: நூல் குறையைச் சொல்கின்றதா? இராசபாளையத்தின் வெண்மையையும் சிவந்த மூக்கையும் புகழாத நூல் இல்லை. அவ்வெண்மையோடு பிறவிச்செவிடும் வரக்கூடும் என்றும், குட்டி வாங்குவோன் முதலில் கைதட்டிக் காதைத் தேர்ந்து பார்க்க வேண்டும் என்றும் எத்தனை நூல்கள் எச்சரிக்கின்றன? மேனாட்டுப் புல்டாக்கு மூச்சுத் திணறுவது கண்காட்சிக்காக அதன் முகத்தை நசுக்கி வளர்த்ததால் என்பதை மறைக்கும் நூலும் அத்தகையதே. குறை சொல்லாத நூலை எழுதியவன் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் குட்டி விற்பவனாக இருப்பான்.

நான்காம் கேள்வி: இயல்பைப் பற்றி நூல் அளவோடு பேசுகின்றதா? இவ்வினம் அன்பானது, அவ்வினம் கொடியது என்று ஒரே வரியில் முடிப்பது பழைய வழக்கம். அமெரிக்க ஆய்வாளர் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் கேட்டும், 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்தும், 2022இல் தம் முடிவை வெளியிட்டனர். தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கக் கூடியது ஏறத்தாழ 9 விழுக்காடே என்பது அம்முடிவு. எஞ்சியது வளர்ப்பும் சூழலும் அந்தந்த நாயின் தன்மையும். கோம்பை என்றாலே கடிக்கும் என்று எழுதுபவன் நாயையும் அறியான். அதை வளர்ப்பவன் கடமையையும் அறியான்.

ஐந்தாம் கேள்வியே தமிழனுக்குக் கசப்பானது: பெருமைக்குச் சான்று உண்டா? பாளையக்காரர் போரில் வெள்ளையரின் குதிரைப்படையைத் தமிழ்நாட்டு நாய்கள் சிதறடித்தன என்று பலர் எழுதுகின்றனர். எந்தப் போரில்? எந்த ஆண்டில்? எந்த ஆவணத்தில்? இவற்றைச் சொல்லாமல் கதையை மட்டும் சொல்லும் நூல், தமிழனே எழுதினும், தமிழிலேயே எழுதினும், தள்ளத் தக்கது. கேட்கச் சுவையாக இருப்பதால் பொய் மெய் ஆகிவிடாது. எடுத்தனூர்க் கல் சொல்லும் இரு கள்ளரைக் கடித்த ஒரு நாயின் செய்தி, சான்றில்லாத ஓராயிரம் போர்க்கதைகளினும் உயர்ந்தது. அதற்குக் கல்லே சான்று. அயலான் புறக்கணித்ததைக் கண்டிக்கும் வாய், தன்னவன் புளுகியதையும் கண்டிக்க வேண்டும். அன்றேல் அது மொழிப்பற்று ஆகாது, வெறும் ஆரவாரம்.

இவ்வைந்திற்கும் விடை தரும் நூல்கள் தமிழில் மிகுதல் வேண்டும். அவற்றை எழுதுவதற்கு வேண்டிய அறிவு இலண்டனில் இல்லை. விருதுநகர், தூத்துக்குடி, தேனி மாவட்டத்துச் சிற்றூர்களில் இருக்கின்றது. முயலின் பின் நாயை விட்டு நடந்த முதியோர், கிடைக்காவலுக்கு நாய் பழக்கிய இடையர், குட்டியின் காதையும் வாலையும் மோவாயையும் பார்த்தே வழி சொல்வோர் ஆகியோரிடம் இருக்கின்றது. அவர்தம் அகவை எண்பதைத் தொட்டுவிட்டது. 1972க்கு முன் வேட்டை கண்டவர் இனி எத்தனை ஆண்டு இருப்பர்? அவர் மறைந்தால் சொற்களும் மறையும். சொற்கள் மறைந்தால் நாய் இருந்தும் அதனை அறிவார் இரார். அதன்பின் தன் நாயின் நிறத்திற்குப் பெயர் கேட்டுத் தமிழன் ஆங்கில அகரமுதலியைப் புரட்ட வேண்டியதுதான்.

ஆகலின் கற்றறிந்த இளைஞர் தாளும் கோலும் எடுத்துக்கொண்டு அம்முதியோர் திண்ணைக்குச் செல்க. கேட்டதைக் கேட்டவாறே எழுதுக. கால்நடை மருத்துவம் கற்றோர் அதனைச் சரிபார்த்துத் தமிழிலேயே வெளியிடுக. நூலகங்கள் வாங்குக. படிப்போர் ஐந்து கேள்விகளையும் கேட்டு, நின்றதை வைத்துக்கொண்டு, நில்லாததை விலக்குக. தன் குருளைக்குக் குருளை என்னும் பெயர் உண்டு என்பதையே மறந்தவன், அதன் இனத்தைக் காப்பேன் என்று சூளுரைப்பது நகைப்பிற்கே இடமாகும். முதலில் சொல்லைக் காக்க. சொல் நாயைக் காக்கும்.