மல்லியைப் படம் பிடிக்க மாலையில் போங்க!

ஊத்துக்கோட்டையைச் சுற்றியுள்ள மல்லித் தோட்டங்களில் அதிகாலையிலேயே மொட்டு பறிப்பார்கள். மொட்டாக இருந்தால்தான் சந்தையில் விலை. பறிக்காமல் விட்டது சாயங்காலம் செடியிலேயே விரியும். மறுநாள் அதை வாங்க ஆளில்லை. விவசாயிக்கு நஷ்டமான அந்தப் பூதான், மொபைலில் படம் பிடிப்பவருக்குப் பொக்கிஷம்!

ஆனால் ஆசையாகக் கிட்டே போய் எடுத்தால் படம் மங்கலாகிவிடுகிறதே, ஏன்? உள்ளங்கையைக் கண்ணை ஒட்டி வைத்துப் பாருங்கள், ரேகை தெரியாது. கேமராவும் அப்படித்தான். பல போன்களின் மெயின் கேமராவுக்குப் பூவிலிருந்து 10 செ.மீ. அல்லது அதற்கும் அதிகமான இடைவெளி வேண்டும். சற்றுத் தள்ளி நின்று, 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். போனில் 'மேக்ரோ' வசதி இருந்தால், சில செ.மீ. தூரம் வரை நெருங்கலாம்.

இன்னும் சில டிப்ஸ்:

* முதலில் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். விரல் ரேகைப் பிசுக்கு படத்தைக் கெடுக்கும்.

* மல்லி, தும்பை போன்ற வெள்ளைப் பூக்களில் இதழின் நரம்பு தெரியாமல் வெளுத்துப்போகும். பூவின் மேல் விரலால் தொட்டு, திரையில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். சில போன்களில் இது கோடு போல இருக்கும்.

* உச்சி வெயில் வேண்டாம். வேறு நேரம் கிடைக்காவிட்டால், குடை பிடித்து நிழல் தாருங்கள். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் பூ பளிச்சென்று தெரியும்.

* மாலையில் வெளிச்சம் குறையக் குறைய, சிறு அசைவும் படத்தை மங்கலாக்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, காற்று அடங்கும்வரை காத்திருங்கள். தொடர்ந்து பத்துப் படம் எடுத்தால் ஒன்றாவது தேறும்.

* கிட்டத்தில் எடுக்கும்போது பூ முழுவதும் துல்லியமாக வராது. நடுப்பகுதியா, இதழ் ஓரமா என்று முடிவு செய்து அங்கே தொடுங்கள்.

தோட்டத்துக்குள் போகும் முன் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். பாத்தியை மிதிக்காமல், கிளையை வளைக்காமல் எடுங்கள். உங்கள் கை பட்டு உதிரும் ஒவ்வொரு மொட்டும் நாளைக் காலை அவர்கள் கூடையில் சேர வேண்டியது. தோட்டம் தூரமா? வீட்டுத் தொட்டி மல்லியும் சாயங்காலம்தான் விரிகிறது. இன்றே ஆரம்பிக்கலாம்!