வீதிச் சண்டையை விலக்க நாளை யார் இருப்பார்?

கடந்த மாதம் எமது ஊர்ச் சந்தியில் ஒரு சிறு விபத்து நடந்தது. எந்தப் பத்திரிகையிலும் அது வரவில்லை. வராமல் போனதற்கு அல்ஹம்துலில்லாஹ்.

மாத்தறை மாவட்டத்தில், கரையோர வீதியிலிருந்து சில மைல் உள்ளே இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. ஒரு பள்ளிவாசல், ஒரு பன்சலை, ஒரு தபாற் கந்தோர், ஞாயிற்றுக்கிழமை கூடும் பொல, முப்பது நாற்பது கடைகள். கடைகளில் பாதி எம்மவர்களுடையவை. சுற்றிவர உள்ளவை அத்தனையும் சிங்களக் கிராமங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் டியூஷன் வகுப்பு விட்டு சைக்கிளில் வந்த ஒரு சிங்கள மாணவனை, எங்கள் பொடியன் ஒருவனின் மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது. மாணவனின் தலையில் இரத்தம். ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினார். கூட்டத்தின் பின்னாலிருந்து “தம்பியா” என்ற சொல்லும் கேட்டது. மருமகனின் கடை வாசலில் நின்றிருந்த எனக்குக் கால் நடுங்கியது.

அப்போது இருவர் ஓடி வந்தார்கள். ஒருவர் ஊர் மரணாதார சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், சிங்களவர். மற்றவர் ஹாட்வெயார் கடைக்காரர், எமது பள்ளி நிர்வாக சபை உறுப்பினர். செயலாளர் நேரே போய், நடுங்கிக்கொண்டிருந்த எங்கள் பொடியனின் தோளில் கையைப் போட்டார். “மே அபே கொல்லெக்” என்றார். இவன் நம்ம பொடியன் என்று அர்த்தம். மற்றவர் அடிபட்ட மாணவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நான்கு தையல். இரவு இஷாவுக்குப் பிறகு பொடியனின் வாப்பாவும் இவர்கள் இருவரும் மாணவனின் வீட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிச் செலவு பேசி முடிந்தது. பொலிஸில் முறைப்படி பதிவும் செய்தார்கள். விடயம் அத்தோடு அடங்கியது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எமது சமூகம் அண்மைக்காலத்தில் சந்தித்த மூன்று பெரிய அழிவுகள் ஏறக்குறைய இப்படியொரு வீதித் தகராறில்தான் தொடங்கின. 2014 ஜூனில் அளுத்கம, தர்கா நகர் எரிவதற்கு முன்னர் நடந்தது, பொசன் தினத்தில் ஒரு பிக்குவின் வாகனச் சாரதிக்கும் எமது இளைஞர்களுக்கும் இடையிலான வாக்குவாதம். 2017 நவம்பரில் காலி கிந்தோட்டையில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. 2018 இல் திகனைக்கு முன்னர் தெல்தெனியவில் ஒரு லொறிச் சாரதி தாக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்தார்.

இந்த அழிவுகளுக்கு வீதித் தகராறுதான் காரணம் என்று நான் கூறவில்லை. வெறுப்புப் பிரசாரம் ஏற்கனவே செய்து வைக்கப்பட்டிருந்தது. வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பாதுகாக்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை எந்த நல்லிணக்கப் பேச்சுக்காகவும் நாம் கைவிடக் கூடாது. ஆனால் விறகு காய்ந்து கிடக்கும் காலத்தில் முதல் பொறியை யார் அணைக்கிறார் என்பது முக்கியம். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் கொழும்பிலுள்ள தலைவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு மனிதர் சந்தியில் நிற்க வேண்டும்.

தெற்கில் வாழும் எங்களுக்கு இது இன்னும் அவசியமானது. 2012 ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் முஸ்லிம்கள் 9.7 வீதம். தென் மாகாணத்தில் அது 3 வீதமளவில்தான். கிழக்கில் எமது சகோதரர்கள் முழு ஊராக, முழுப் பிரதேச செயலகப் பிரிவாக வாழ்கிறார்கள். வெலிகம, காலி போன்ற சில இடங்களை விட்டால், நாங்கள் இங்கே ஒரு தெரு, ஒரு பள்ளிவாசல், ஒரு பாடசாலை என்ற அளவில் சிதறி வாழ்பவர்கள். எங்களைச் சுற்றி மதில் கட்ட முடியாது.

சரி, அந்த இருவரையும் இரண்டு பக்கமும் தெரிந்த மனிதர்களாக ஆக்கியது எது? முப்பது வருடங்களாக இருவரும் ஒரே மரணாதார சங்கத்தில் இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

சிங்களக் கிராமங்களில் இச்சங்கம் என்னவென்று தெற்கிலுள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதாமாதம் சிறு தொகை சந்தா. அங்கத்தவர் வீட்டில் மரணம் நேர்ந்தால் சங்கம் பணம் கொடுக்கும். கூடாரம், கதிரை, பெரிய சட்டி பானை எல்லாம் வரும். அங்கத்தவர்கள் முறை வைத்து வந்து வேலை செய்ய வேண்டும். வராவிட்டால் தண்டப் பணம்.

எனது வாப்பாவும் அதில் அங்கத்தவர். சிங்கள வீட்டில் மரணம் என்றால் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டுப் போவார். கூடாரம் கட்டுவார், தேநீர் பரிமாறுவார், இஷாவுக்குப் பள்ளிக்கு வந்துவிடுவார். பிக்குமார் வந்து கிரியைகள் நடக்கும்போது வெளியே பாதையோரம் நிற்பார். அவர் ஏன் வெளியே நிற்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் வராமல் விட்டால்தான் கேட்பார்கள்.

1998 இல் வாப்பா மௌத்தானார். நாங்கள் குளிப்பாட்டி முடிக்குமுன்னரே வாசலில் கூடாரம் நின்றது. எங்கள் ஜனாஸாக்கள் சில மணி நேரத்தில் எடுக்கப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் ஓடி வந்து கட்டியிருந்தார்கள். மையவாடி வரை நடந்து வந்து, கப்று மூடும் வரை நின்றார்கள்.

இந்தப் பழக்கம் எதற்கு உதவியது என்பதை 2020 இல் கண்டேன். கொவிட் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்த அந்த நாட்களில், தொலைக்காட்சி பார்த்துவிட்டு எத்தனையோ பேர் எங்களைப் பிடிவாதக்காரர்கள் என்றார்கள். எமது சங்கச் செயலாளர் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் மையவாடியில் பல தடவை நின்றவர் அவர். அடக்கம் செய்வது எங்களுக்கு என்ன என்பதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபோது, முதலில் எனக்குத் தொலைபேசி எடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

2019 இலும் அப்படித்தான். ஏப்ரல் 21 க்குப் பிறகு முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொன்ன காலத்தில், எமது ஊரில் எல்லாக் கடைகளும் ஒரே மாதிரி அடிபடவில்லை. பஸ்ஸில் வந்திறங்கும் வாடிக்கையாளர்களை நம்பியிருந்த புடவைக் கடைகள் மாதக் கணக்கில் ஈயாடின. கடன் கொப்பி வைத்து, வீடு கட்டும் ஆட்களுக்குச் சீமெந்து கொடுத்து, அவர்களின் மரண வீட்டுக்கும் போய் வந்த ஹாட்வெயார் கடைக்காரருக்கு இரண்டு வாரத்தில் ஆட்கள் திரும்பி வந்தார்கள். முதல் நாட்களில் பின்கதவால் வந்தார்கள் என்பதும் உண்மை.

இப்போது கவலையான விடயத்துக்கு வருகிறேன். எனது வாப்பாவின் காலத்தில் அந்தச் சங்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. இன்று ஏழு. ஏழு பேரும் அறுபது வயதைக் கடந்தவர்கள்.

காரணங்கள் பல. பள்ளிவாசலில் எமக்கென்று ஜனாஸா நலன்புரிக் குழு ஒன்று அமைந்தது. கபன், குளிப்பாட்டல், சந்தூக் என்று அது நல்ல சேவை செய்கிறது. ஆனால் அது வந்ததும் மற்றது எதற்கு என்று பலர் விலகினார்கள். இளைஞர்கள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். 2014 க்குப் பிறகு பயம், 2019 க்குப் பிறகு மனக்கசப்பு. அந்தப் பக்கத்திலும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போன இடத்தில் ஒரு குத்தல் பேச்சுக் கேட்டால் மறுமுறை போக யாருக்கு மனம் வரும்?

அடுத்தவரைக் குறை கூறுவது இலகு. நானும் அளுத்கமைக்குப் பிறகு சந்தா கட்டுவதை நிறுத்தியவன்தான். செயலாளர் ஒரு வருடம் வரை ஞாபகப்படுத்தினார். பிறகு விட்டுவிட்டார்.

விலகிய இடத்தை நாம் நிகழ்ச்சிகளால் நிரப்பப் பார்க்கிறோம். நோன்பு காலத்தில் பிக்குமாரை அழைத்து இப்தார், மேடை, புகைப்படம், முகநூல். அனர்த்தம் என்றால் நிவாரணம். இவை தவறல்ல. 2017 மே மாத வெள்ளத்தில் மாத்தறை, காலி மாவட்டங்கள் மூழ்கியபோது, நோன்பு பிறக்கும் நேரத்தில், எம்மவர்கள் சமைத்த சோற்றுப் பார்சல்கள் எத்தனையோ சிங்கள வீடுகளுக்குப் போயின. அதே வருடம் நவம்பரில்தான் கிந்தோட்டை எரிந்தது. சோறு கொடுத்தது வீண் என்பதல்ல இதன் பொருள். ஆபத்தில் ஒரு நாள் வந்து கொடுத்துவிட்டுப் போகும் உறவு வேறு, வருடம் முழுவதும் கதிரை தூக்கும் உறவு வேறு. கொடுப்பவர் மேலே நிற்கிறார். கூடக் கதிரை தூக்குபவர் பக்கத்தில் நிற்கிறார்.

“ஏன் நாம் மட்டும் இறங்கிப் போக வேண்டும்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எமது உரிமை, யாருடைய நல்லெண்ணத்திலும் தங்கியிருக்கக் கூடாது. ஆனால் சங்கத்தில் சேர்வது இறங்கிப் போவதல்ல. சந்தா கட்டும் அங்கத்தவருக்குப் பேசும் உரிமை இருக்கிறது, வாக்கு இருக்கிறது, தனது வீட்டு மரணத்தில் உதவி பெறும் உரிமையும் இருக்கிறது. விலகிப் போனவருக்குத்தான் எதுவும் இல்லை.

மார்க்க ரீதியான தயக்கமும் சிலரிடம் உண்டு. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்ற செய்தி புஹாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. மதக் கிரியையில் பங்கெடுப்பது ஒன்று, அயலவரின் துக்கத்தில் தோள் கொடுப்பது இன்னொன்று. எல்லை எதுவென்று உள்ளூர் ஆலிம்கள் மிம்பரில் தெளிவாகச் சொல்லட்டும். சொல்லாத இடத்தில், இளைஞர்கள் எல்லாவற்றையும் விட்டுவிடுவதையே பேணுதல் என்று நினைக்கிறார்கள்.

தெற்கிலுள்ள பள்ளி நிர்வாகங்களிடம் எனது வேண்டுகோள் சிறியது. உங்கள் ஜமாஅத்தில் எத்தனை பேர் ஊர் மரணாதார சங்கத்தில், ஆட்டோ சங்கத்தில், வர்த்தகர் சங்கத்தில், விளையாட்டுக் கழகத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அவர்களின் வயதையும் பாருங்கள். நாற்பது வயதுக்குக் குறைந்த பத்துப் பேரையாவது இவற்றில் சேர்க்க முடியுமா என்று யோசியுங்கள். எமது பிள்ளைகள் கடைச் சிங்களம் நன்றாகப் பேசுகிறார்கள். ஒரு கூட்ட அறிக்கையைச் சிங்களத்தில் எழுதச் சொன்னால் திணறுகிறார்கள். பள்ளியிலேயே ஒரு மாலை வகுப்பு வைத்தால் அது தீர்ந்துவிடும்.

விபத்து நடந்து இரண்டு வாரத்தில் செயலாளரின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது எழுபத்தொரு வயது. பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வாப்பாவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே எனது பெயர், அதன் மேல் ஒரு கோடு. கோடு இழுத்ததற்கு அவர்தான் வெட்கப்பட்டார்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாதாந்தக் கூட்டத்துக்கு மருமகனையும் கூட்டிக்கொண்டு போனேன். முழு நேரமும் பின்வரிசையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது எழுந்து போய் அடுக்கினான். அவனுடைய பெயரையும் எனது பெயரையும் புதிதாக எழுதி, சந்தாவைக் கட்டிவிட்டு வந்தோம்.