ஒரு தட்டு, நாலு அறை

வீடு கட்டும்போது சமையல் மேடை எவ்வளவு உயரம், பூஜைக்கு எந்த மூலை என்றெல்லாம் நம்மைக் கேட்பார்கள். டி.வி. வயர் எந்த அறைக்குப் போகணும் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். அது ஆண்கள் சமாசாரமாம்!

என் மகள் வீடு எழும்பியபோது நான் இதில் பிடிவாதமாக நின்றேன். காரணம், சம்பந்தியம்மா. மூட்டுவலியில் கூடம் வரை நடப்பதே அவருக்குச் சிரமம். "எனக்கெதுக்கு சம்பந்தி தனியா ஒண்ணு?" என்பார். ஆனால் காலையில் பக்திப் பாட்டும் மாலையில் செய்தியும்தான் அவருக்கு வெளியுலகம். கூடத்தில் மட்டும் பாயிண்ட் வைத்துவிட்டால், பிற்பாடு அவருக்காக யார் சுவரை உடைப்பார்கள்? அவரும் வாய் திறந்து கேட்க மாட்டார்.

ஆகவே சகோதரிகளே, பூச்சு வேலைக்கு முன்பே இவற்றைக் கவனியுங்கள்.

மொட்டை மாடியிலிருந்து பரணுக்கோ மாடிப்படி அறைக்கோ ஒரு பெரிய பைப் வரட்டும். அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிப் பைப். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தாவித் தாவிப் போகும் வயர் வேண்டாம். நடுவில் ஒன்று பழுதானால் அதற்கப்புறம் எல்லாமே போச்சு. இப்போது டி.வி. இல்லாத அறைக்கும் வெறும் பைப் போட்டு, உள்ளே ஒரு கம்பியை விட்டு வையுங்கள். பின்னால் அதைப் பிடித்தே வயரை இழுத்துவிடலாம்.

கரண்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்கவே கூடாது. "ஒரே பைப்புல விட்டா செலவு மிச்சம்மா" என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். உள்ளே வயர் உரிந்து ஒன்றோடொன்று பட்டால், கேபிளைத் தொடும் கைக்கே ஷாக் அடிக்கும். அந்தக் கை குழந்தையின் கையாகவும் இருக்கலாம்.

வயர் 'ஆர்.ஜி. 6' என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் கம்பி, சுற்றிலும் வெள்ளை நுரை, அதன்மேல் உலோக வலை இருக்கும். வெடுக்கென்று மடித்தால் நுரை நசுங்கிப் படம் கெடும். மூலைகளில் வளைவாகத் திருப்பி, நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக இழுக்கச் சொல்லுங்கள்.

பழைய ஏரியல் காலத்தில் ஒரு வயரைப் பிரித்து இரண்டு பெட்டிக்குக் கொடுத்தோம். தூர்தர்ஷனின் பழைய தரைவழிக் கோபுரங்களில் பெரும்பாலானவை 2022-க்குள் நிறுத்தப்பட்டுவிட்டன. இப்போதைய டிஷ் தட்டில் அந்த வித்தை சரிப்படாது. எந்தச் சேனல் வேண்டுமோ அதற்கேற்ப, ஒவ்வொரு பெட்டியும் தட்டின் முன்னால் உள்ள மூக்குக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பிக் கேட்கும். இரண்டு பெட்டிகள் ஒரே வயரில் வெவ்வேறாகக் கேட்டால் ஒன்றில் சில சேனல்கள் வராது. இரண்டு அல்லது நான்கு வாய் உள்ள மூக்கு வாங்கி, வாய்க்கு ஒரு பெட்டி கொடுங்கள். மாதச் சந்தா இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்கும் இதே கணக்குத்தான்.

அந்தத் தட்டு, நம் தமிழ்நாட்டில், தென்கிழக்கே நன்றாக அண்ணாந்து பார்க்கும். அந்தப் பக்கம் தென்னை மறைத்தால் படம் திக்கும். மாடியில் பைப்பின் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும், மழைத்தண்ணீர் இறங்காது. தட்டுக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். மழை இருட்டிக்கொண்டு வரும்போதே பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் தொட வேண்டாம்.

கடைசியாக, இளம் தாய்மார்களுக்கு: குழந்தை தூங்கும் அறைக்குப் பைப் போகட்டும், பெட்டி போக வேண்டாம். 2 வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. பைப் சுவருக்குள் காத்திருக்கும், அவசரமில்லை.

அடுத்த இதழில் சமையலறை பிளக் பாயிண்டுகளைப் பார்ப்போம்.