மேசைமேல் ஒரு மலைநாட்டுப் பாதை



பிள்ளைக்கு விளையாட்டுக் கோச்சி வாங்கிக் கொடுப்பது வேறு. அந்தக் கோச்சி போய்ச் சேர ஓர் ஊரை உண்டாக்கிக் கொடுப்பது வேறு. முதலாவதைக் காசு செய்துவிடும். இரண்டாவதற்குக் காசு குறைவாகவும் பொறுமை கூடுதலாகவும் வேண்டும். இந்த மாதம் அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் உங்களுடன் பேசப் போகிறேன்.

நமது வீடுகள் பலவற்றில் நடப்பதைப் பாருங்கள். வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார். லீவில் வருகின்றவர் கையில் பெரிய பெட்டியொன்று. அதற்குள் தண்டவாளமும் எஞ்சினும் நான்கு பெட்டிகளும். வாப்பா இருக்கும் ஒரு மாதமும் அது தரையில் வட்டமாக ஓடுகிறது. அவர் விமானம் ஏறிய பிறகு, "விலை கூடிய சாமான், உடைத்துவிடுவாய்" என்று உம்மா அதைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல் வைத்துவிடுகிறார். வாப்பாவின் உழைப்பைப் பாதுகாக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்தப் பொலித்தீன் மறுபடி அவிழும்போது பிள்ளைக்கு மீசை அரும்பியிருக்கும். பாதுகாக்கப்பட்டது சாமான் மட்டுமே. அது வாங்கப்பட்ட நோக்கம் கைவிட்டுப் போய்விட்டது.

இன்னொரு வீட்டில் கதை வேறு. பெட்டி கீழேதான் இருக்கிறது, ஆனால் பிள்ளை அதைத் தொடுவதில்லை. "ஒரு கிழமையில் அலுத்துவிட்டது" என்று தாய் குறைப்படுகிறார். அலுக்காமல் என்ன செய்யும்? வெறும் சீமெந்துத் தரையில் ஒரே வட்டத்தைச் சுற்றும் எஞ்சினை எத்தனை நாள்தான் பார்த்திருப்பது? அது புறப்படும் ஊருமில்லை, போய்ச் சேரும் ஊருமில்லை.

விளையாட்டுக் கோச்சி செய்தவர்கள் இதை அன்றே அறிந்திருந்தார்கள். ஜெர்மனியின் மார்க்லின் கம்பனி 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில், துண்டு துண்டாகச் சேர்த்து நீட்டக்கூடிய பாதையை விற்பனைக்கு வைத்தது. எஞ்சினை வாங்கியவர் பாதையையும் நிலையத்தையும் பாலத்தையும் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். அதே நாட்டின் ஹம்பர்க் நகரில் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிற்றுருவக் கண்காட்சியில் மலைகளும் நகரங்களும் கட்டி நூற்றுக்கணக்கான கோச்சிகளை ஓடவிட்டிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். நான்கடிப் பலகையொன்று போதும்.

முதலில் அளவு

அடிக்கோலை எடுத்து இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள உள்ளகலத்தைப் பிள்ளையைக் கொண்டே அளக்கச் செய்யுங்கள். 16.5 மில்லிமீற்றர் இருந்தால் அது பெரும்பாலும் எச்.ஓ. எனப்படும் அளவு. உண்மையான பொருளின் 87இல் ஒரு பங்கு. 9 மில்லிமீற்றர் என்றால் அது என் எனப்படும் அளவு, பொதுவாக 160இல் ஒரு பங்கு. பற்றறியில் ஓடும் பிளாஸ்டிக் கோச்சிகள் எந்த அளவுக்கும் அமையாமல் இருக்கலாம். அப்போது பெட்டியின் கதவு உயரத்தைப் பார்த்துக் கண்மதிப்பில் மற்றவற்றைச் செய்துகொள்ளலாம்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 87இல் ஒரு பங்கில், ஐந்தரை அடி மனிதர் 2 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருப்பார். அறுபதடித் தென்னை 21 சென்ரிமீற்றர் நிற்கும். புதிதாகச் செய்வோர் விடும் பெரும் பிழை மரங்களைக் குட்டையாகச் செய்வதுதான். தென்னை நிலையத்தின் கூரையளவு நின்றால் ஊர் ஊராகத் தெரியாது. ஒரு நெல்மணி அங்கே இரண்டடிப் பாறைக்குச் சமம். அரைவாசி, கால்வாசி என்று பின்னக் கணக்கில் தடுமாறும் பிள்ளை, தென்னையை 87ஆல் பிரித்துப் பார்க்கும்போது கணக்கு எதற்கு என்று தானே கண்டுகொள்வான்.

பாதை சரியானால் எல்லாம் சரி

மலையைக் கட்ட அவசரப்பட வேண்டாம். முதலில் பலகையில் பாதையைப் பொருத்தி, இருப்பதில் நீளமான பெட்டியைச் சேர்த்து, மெதுவாகவும் வேகமாகவும் பல தடவை ஓடவிடுங்கள். எங்கே தடம் புரள்கிறதோ அந்த இணைப்பைத் திருத்துங்கள். வளைவில் நீளப் பெட்டியின் நடுப்பாகம் உள்பக்கமாகவும் நுனிகள் வெளிப்பக்கமாகவும் நீட்டிக்கொண்டு போகும். அதன் ஓரத்தில் பென்சிலைப் பிடித்துக் கோடு கீறிக்கொண்டால், மலையும் சுவரும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கலாம். இதைச் செய்யாமல் சுரங்கம் கட்டியவர்கள் பிறகு சுரங்கத்தை உடைத்தார்கள்.

அடுத்தது சல்லிக்கல். உண்மையான பாதையில் சல்லி எதற்கு என்று பிள்ளையிடம் கேளுங்கள். சிலிப்பர் கட்டைகள் அசையாமல் பிடித்துக்கொள்ளவும், மழைநீர் தேங்காமல் வடிந்து போகவும்தான். உண்மைச் சல்லி ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் என்றால் நமது அளவில் அது அரை மில்லிமீற்றர். ஆகவே மணல்தான் நமது சல்லி. மா அரிக்கும் பழைய அரிப்பில் இரு தடவை அரித்துத் தூசியை நீக்குங்கள். கடற்கரை மணலானால் நல்ல தண்ணீரில் பல முறை கழுவ வேண்டும், உப்பு தண்டவாளத்தைத் தின்றுவிடும். காய்ந்த பின் மணலுக்குள் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். கரிய துகள்கள் ஒட்டினால் அவற்றை எடுத்துவிடுங்கள். எஞ்சினின் மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் அந்தத் துகள்கள் அதற்குள்ளே போய் ஒட்டிக்கொள்ளும்.

மணலைக் கட்டைகளுக்கு இடையே தூவி, சிறு தூரிகையால் கட்டையின் மேலிருப்பதைத் தட்டிவிடுங்கள். பின்னர் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த தண்ணீரை மருந்துச் சொட்டுக் குழாயால் மெல்ல விட்டு மணலை நனையுங்கள். அந்தத் துளி இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு மணலையும் இழுத்துக்கொண்டு ஓடும். நனைந்த மணலுக்கு, மரம் ஒட்டும் வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடவும். ஓர் இரவு தொடாமல் விட்டால் காலையில் கல்லாக இறுகியிருக்கும். பாதை பிரியும் இடத்தில் அசையும் நாக்குகளுக்குப் பசை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரவேலை நடக்கும்போது கறண்ட் பிளக் கழற்றியே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துரு நிறப் பெயின்ற் பூசி, மேற்பரப்பை உடனே துடைத்துவிடுங்கள். எஞ்சினுக்கான மின்சாரம் அந்த மேற்பரப்பின் வழியாகத்தான் வருகிறது. நிலையத்தில் எஞ்சின் நிற்கும் இடத்தில் மட்டும் மணலைச் சற்றுக் கறுப்பாக்குங்கள், அங்கேதான் எண்ணெய் சொட்டும். இவ்வளவு சிறிய விஷயந்தான் பார்ப்பவரை "உண்மையான பாதை" என்று சொல்ல வைக்கும்.

மலை எழுப்புதல்

எந்த ஊரைச் செய்வது? படத்தில் பார்த்த பனிமலை வேண்டாம். நமது நாட்டு மலைநாட்டுப் பாதையைவிட அழகான மாதிரி வேறெங்கே தேடுவது? கண்டிக்கு 1867இல் வந்த ரயில், பதுளையை அடைந்தது 1924இல். இடையில் எத்தனை மலை, எத்தனை சுரங்கம்! பட்டிப்பொல நிலையம் 6,226 அடி உயரத்தில் இருக்கிறது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிந்தது. நீளம் சுமார் 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். எச்.ஓ. அளவில் அது ஒரு மீற்றரும் ஐந்து சென்ரிமீற்றரும் நீளும். நமது பலகைக்கு மூன்று வளைவு போதும். தடித்த கடதாசி மட்டையில் சிறிய பால்மாவு டின்னை வைத்து வளைவைக் கீறி வெட்டிக்கொள்ளலாம்.

தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தான் கடந்து வந்த நிலையத்தின் கீழே சுரங்கத்தில் நுழைகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்ததென்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கணக்கு உண்மை. மலைநாட்டுப் பாதையின் கடுமையான ஏற்றம் 44க்கு 1. அதாவது ஓரடி ஏற 44 அடி ஓட வேண்டும். நமது மேசையில் ஒரு பாதை மற்றதன் கீழே போக 7 சென்ரிமீற்றர் உயர வித்தியாசம் வேண்டும் என்றால், 308 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். நேராக ஓட வீட்டில் இடமில்லை. வட்டமாக ஓடினால் ஒரு மீற்றர் விட்டத்துக்குள் அடங்கிவிடும். மலையில் இடமில்லாதவர்கள் செய்ததும் இதுதான். இந்தச் சுற்றைக் கட்டினால் பலகை அதற்கே போய்விடும், திரும்பி வரும் பாதைக்கு இடமிராது. ஆகவே முதல் வேலையாக இதை எடுக்க வேண்டாம். ஆனால் பிள்ளை கடதாசியில் இதைப் போட்டுப் பார்க்கட்டும். பாடப்புத்தகத்து வட்டத்தின் சுற்றளவு அன்று உயிர் பெறும்.

மலைக்குப் பழைய பத்திரிகைகளைக் கசக்கி உருண்டைகளாக்கி அடுக்குங்கள். மேலே மட்டைக் கீலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். பசையில் தோய்த்த கடதாசித் துண்டுகளை மூன்று படையாகப் போர்த்தி, ஒவ்வொரு படையையும் நன்றாகக் காயவிடுங்கள். மாப்பசை மலிவு, ஆனால் எறும்பும் கரப்பானும் தேடி வரும். வெள்ளைப் பசையே நல்லது. டீவி வந்த பெட்டியிலுள்ள றெஜிபோம் துண்டுகளும் மலைக்கு உதவும். அதற்குக் கடுமையான மணமுள்ள பசைகளைப் பூசினால் கரைந்துவிடும். சூடான கம்பியாலும் வெட்ட வேண்டாம், அந்தப் புகை ஆகாது. சுரங்கத்தின் பின்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். கோச்சி தடம் புரள்வதென்றால் கை எட்டாத இடத்தில்தான் புரளும்.

மண்ணுக்கு, சாயம் வடித்த தேயிலையை வெயிலில் உலர்த்தி, அடுப்பில் சிறிது வறுத்து ஈரம் போக்கிய பின் தூவுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தேயிலைத் தோட்டத்துக்குத் தேயிலையே மண்! செடிகளுக்குப் பழைய ஸ்பொஞ்சை ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாகப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் தோய்த்து, மலையைச் சுற்றி வரிசையாக ஒட்டுங்கள். ஒரே பச்சை வேண்டாம். முற்றிய இலைக்குக் கரும்பச்சை, கொழுந்துக்கு இளம்பச்சை. மரங்களுக்குத் தும்பும் முறுக்கிய கம்பியும் இருக்கின்றன. தென்னோலையைக் கடதாசியில் கத்தரிப்பதை உம்மும்மாவிடம் விடுங்கள். அவர் கைக்கு அது பாய் இழைத்த காலத்தை ஞாபகப்படுத்தும்.

ஊருக்கு ஆட்கள்

உருவப் பொம்மைகள் வைக்கலாமா என்ற கேள்வி நமது வீடுகளில் வரும். பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மை விஷயத்தில் உலமாக்களில் பலர் இடங்கொடுத்திருக்கிறார்கள். பேணுதலாக விட்டுவிடுவோரும் உண்டு. விட்டாலும் ஊர் வெறிச்சோடிப் போகாது. நிலைய வாங்கில் சாத்திய குடை, கொடியில் காயும் சாரம், தேயிலை வரிசையில் இறக்கி வைத்த கொழுந்துக் கூடை, கேற்றடியில் நிறுத்திய சைக்கிள் இவற்றைச் செய்து வையுங்கள். ஆட்கள் இப்போதுதான் அந்தப் பக்கம் போனார்கள் என்றே தோன்றும்.

இந்த வேலை ஒரு நாளில் முடிவதல்ல. பாடசாலை லீவில் தொடங்கி, கிழமைக்கு ஒரு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளை "இது தம்பியின் சாமான்" என்று விலக்காதீர்கள். நுணுக்க வேலையில் அவர்களின் பொறுமை தம்பிக்கும் பாடமாகும். பக்கத்து நிலையத்துக்குப் போகும்போது பிள்ளைகள் சும்மா நிற்க மாட்டார்கள். கைகாட்டி மரம் எந்தப் பக்கம், தண்ணீர்க் கான் எங்கே ஓடுகிறது, மேடையின் விளிம்பு என்ன நிறம் என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். செய்து பார்க்கிறவன் கண் தானாகவே திறக்கும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை வாப்பாவிடமிருந்து அழைப்பு வரும்போது, "படிக்கிறாயா? உம்மா சொல்வதைக் கேட்கிறாயா?" என்ற இரண்டு கேள்விகளுடன் பேச்சு முடிந்துவிடும் வீடுகள் அநேகம். பேச விருப்பமில்லாமல் அல்ல, பேசப் பொருள் இல்லாமல். இப்போது பொருள் இருக்கிறது. "வாப்பா, பாலத்துக்கு மூன்று வளைவா நான்கா? நிலையத்துக்கு என்ன பெயர் வைப்பது?" என்று பிள்ளை கேட்கட்டும். தீர்மானங்களில் ஒன்றிரண்டை அவருக்கென்று மீதி வையுங்கள். கைகாட்டி மரத்தை அவர் வந்து நடட்டும். அடுத்த லீவில் வாசலில் செருப்பைக் கழற்றியவுடன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் இருக்கும்.

அலுமாரியின் மேலிருந்து அந்தப் பெட்டியை இன்றே இறக்குங்கள்.