ஆறு நிமிடம் வரை தாமதமே இல்லை

2017 நவம்பரில் டோக்கியோ பக்கம் ஓடும் சுகுபா எக்ஸ்பிரஸ் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இந்தச் செய்தியைப் பகிர்கிறவர்கள் கூடவே ஒரு வரியும் சேர்ப்பார்கள்: ‘நம்மாளுங்களுக்கு எங்க அந்த ஒழுக்கம்?’

எனக்கு அந்த வரியோடுதான் சண்டை.

ஒழுக்கம்தான் காரணம் என்றால் ஜெர்மனி ஜெயித்திருக்க வேண்டும். டாய்ச்ச பான் கணக்கில் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமே இல்லை. இந்தச் சலுகைக்குப் பிறகும் 2024இல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் தேறின. அதிலும் ரத்தான ரயில் கணக்கிலேயே வராது. மூன்று மணி நேரம் லேட்டாகும் வண்டியை ஓட்டினால் சதவீதம் இறங்கும். ரத்து செய்தால் இறங்காது. ஃபெயிலாகிற டெஸ்ட்டை அழித்துவிட்டு, பில்டு பச்சையாக இருக்கிறது என்று மேனேஜரிடம் காட்டுவோமே, அதே வேலை.

பக்கத்து நாடு சுவிட்சர்லாந்து. அங்கே வரம்பு மூன்று நிமிடம். காலியாக ஓடும் வண்டிக்கும் ஆயிரம் பேர் ஏறிய வண்டிக்கும் ஒரே மதிப்பெண் கிடையாது. பயணிகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படியும் 90 சதவீதத்தைத் தாண்டுகிறார்கள். 1987இல் மக்கள் வாக்களித்து ஏற்ற ‘பான் 2000’ திட்டத்தில் முதலில் அட்டவணையை யோசித்தார்கள், அதற்கேற்பத் தண்டவாளம் போட்டார்கள். சூரிச்சிலிருந்து பெர்ன் ஒரு மணிக்குள் வந்துவிட்டால் இணைப்பு ரயிலைப் பிடிக்கலாம். அதற்குமேல் வேகம் எதற்கு? லேட்டாக வரும் ஜெர்மன் ரயிலை பாசலிலேயே நிறுத்திவிட்டுத் தங்கள் வண்டியில் ஆட்களை ஏற்றி அனுப்புகிறார்கள். இதில் எங்கே வருகிறது இரத்தத்தில் ஊறிய குணம்?

சரி, ஜப்பான். 1964இல் தொடங்கிய டோக்கைடோ ஷின்கான்செனுக்குத் தனித் தண்டவாளம். சரக்கு வண்டி குறுக்கே வராது, லெவல் கிராஸிங் கிடையாது. அது முதலீடு. ஒழுக்கத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஜப்பானிலேயே உதாரணம் உண்டு. 2005 ஏப்ரல் 25, அமாகசாகி. ஜேஆர் வெஸ்ட் வண்டி ஒன்று முந்தைய நிலையத்தைத் தாண்டி நின்று, பின்னால் வந்து, ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் தாமதம். ஓட்டுநருக்கு வயது 23. தாமதித்தால் ‘மறுபயிற்சி’ என்ற பெயரில் களை பிடுங்க வைத்து அவமானப்படுத்துவது அந்த நிறுவனத்தின் வழக்கம். 70 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டிய வளைவில் வண்டி 116இல் நுழைந்து, குடியிருப்புக் கட்டடத்தில் மோதியது. அவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தண்டனைப் பயத்தில் அவர் கவனம் சிதறியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. மன்னிப்புச் செய்தியை ஃபார்வர்டு பண்ணுகிறவர்கள் இதை ஏன் பண்ணுவதில்லை?

நம்ம ரயில்வேக்கு வருவோம். இங்கே நேரம் தவறாமை கடைசி நிலையத்தில்தான் அளக்கப்படுகிறது. நடுவழியில் இறங்குகிறவர் நள்ளிரவில் இரண்டு மணி நேரம் லேட்டாக இறங்கி ஆட்டோ தேடட்டும், கவலையில்லை. கடைசிச் சில கிலோமீட்டருக்கு அட்டவணையில் தாராளமாக நேரம் ஒதுக்கியிருப்பதால் வண்டி ‘சரியான நேரத்தில்’ போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்கு ஓட்டுநரையோ நம் பிறவிக் குணத்தையோ திட்டி என்ன பயன்? எந்த வண்டி எந்த நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது என்பதை இப்போது செல்பேசியிலேயே பார்க்கலாம். தரவு இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும், இறங்கிய ஒவ்வொருவருக்குமாக அதைக் கூட்டிச் சொல்லத்தான் மனசில்லை.