வளர்ந்தோரும் ஓட்டிச இனங்காணலும்: சில மறுப்புரைகள்

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் தமக்கு ஓட்டிசம் உண்டா என அறிய மருத்துவரை நாடும்போது அவரை எதிர்கொள்ளும் முதல் வினா, “இத்தனை வயதில் இது எதற்கு?” என்பதேயாகும். தோற்றத்தில் வினாவாயினும் இஃது உண்மையில் ஒரு தீர்ப்பு. ஓட்டிசம் குழந்தைகளுக்குரியது, இருந்திருப்பின் முன்னரே தெரிந்திருக்கும், இப்பொழுது தெரிந்தும் பயனில்லை என்னும் மூன்று முடிபுகள் அதனுள் அடங்கியுள்ளன. இம்மூன்றும் தவறானவை.

முதலாவது முடிபின் வேர் ஆய்வு வரலாற்றிலேயே உள்ளது. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலிருந்து லியோ கானர் வெளியிட்ட கட்டுரை 11 பிள்ளைகளைப் பற்றியது. மறு ஆண்டில் வியன்னாவிலிருந்து ஹான்ஸ் அஸ்பேர்கர் எழுதியதும் சிறுவரைப் பற்றியதே. 1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைந்நூலும் இந்நிலையைக் குழந்தைப் பருவ ஓட்டிசம் என்றே குறித்தது. ஆயின், பிள்ளைகள் என்றும் பிள்ளைகளாகவே இருந்துவிடுவதில்லை. கானர் விவரித்தோருள் முதலாமவரான டொனால்ட் றிப்ளெற் வளர்ந்து, வங்கியொன்றிற் பணியாற்றி, பல நாடுகளுக்கும் பயணஞ்செய்து, 2023இல் தமது 89ஆவது வயதிலே காலமானார். ஆய்வாளர் பிள்ளைகளை மட்டும் நோக்கினர் என்பதனால் ஓட்டிசம் பிள்ளைகளோடு முடிந்துவிடுவதன்று.

இருந்திருப்பின் முன்னரே தெரிந்திருக்கும் என்போர், யாருக்குத் தெரிந்திருக்கும் என்பதைக் கூறுவதில்லை. சரளமாகப் பேசி, பரீட்சைகளிற் சித்தியெய்தும் ஒருவரிடத்தும் இந்நிலை இருத்தல் கூடும் என்பதை ஆங்கில மருத்துவ உலகு பரவலாக அறியத் தொடங்கியதே, 1981இல் இங்கிலாந்தின் லோர்னா விங் அஸ்பேர்கரின் கருத்துகளை எடுத்துரைத்த பின்னராகும். அதற்கு முன் பள்ளிப் பருவத்தைக் கடந்தவரைக் குறிக்க மருத்துவரிடம் சொல்லே இருக்கவில்லை. சொல் இல்லாத இடத்தில் வேறு சொற்கள் புகுந்தன. 1961இற் பிறந்த ஸ்கொத்லாந்துப் பாடகி சூசன் பொயில், மூளை பாதிக்கப்பட்டவர் என்ற முத்திரையைச் சிறுவயது முதல் சுமந்தவர். 2012இலேயே அவரது நிலை அஸ்பேர்கர் நிலையென இனங்காணப்பட்டது. அரை நூற்றாண்டு வாழ்வு பிழையான பெயரொன்றின் கீழ்க் கழிந்தது.

பெண்களின் நிலை இதனினும் சிக்கலானது. கானரின் 11 பேருள் எண்மர் ஆண்பிள்ளைகள். ஆண்பிள்ளைகளை முதன்மையாகக் கொண்டு வரையப்பட்ட சித்திரத்திலே தம்மைக் காணாத பெண்கள் கூச்சமுள்ளவர், உணர்ச்சிவசப்படுபவர் எனத் தட்டிக்கழிக்கப்பட்டனர். பிறரது பேச்சையும் முகபாவத்தையும் பார்த்துப் பழகி ஒப்பிப்பவர் வெளிக்கு இயல்பானவராகவே தோன்றுவார். அதற்கு அவர் கொடுக்கும் விலை வெளிக்குத் தோன்றாது. கற்றுக்கொண்ட உத்திகள் இயல்புகளை மறைத்துவிடலாம் என்பதை அமெரிக்கக் கைந்நூலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பே ஒப்புக்கொண்டுள்ளது.

இனி, மாற்றவியலாத ஒன்றுக்குப் பெயர் எதற்கு என்னும் வாதத்தை நோக்குவோம். பெயர் மாற்றுவதற்கன்று, விளங்கிக்கொள்வதற்கே. மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் ஆண்டுக்கணக்கிற் சிகிச்சை பெற்றும், அவற்றின் அடியில் இருப்பது அறியப்படாமையால் தேறாதோர் உளர். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று, வளர்ந்த பின்னர் இனங்காணப்பட்ட 374 பேரைப் பற்றியது. விடையளித்தோருள் நூற்றுக்கு 66 பேர் தற்கொலை எண்ணம் தமக்கு ஏற்பட்டதுண்டு எனக் கூறினர். இனங்காணல் மட்டுமே இத்துயரைத் துடைத்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் இத்தகையோரிடம் “பெயர் எதற்கு?” எனக் கேட்பது பொறுப்பற்ற செயலாகும்.

“இது யாவரிடத்தும் சிறிது உண்டு, இப்போதைய நாகரிகம்” என ஏளனஞ் செய்வோரும் உளர். களைப்பு யாவர்க்கும் உண்டு. அதனால் இரத்தச்சோகை என ஒன்றில்லை என்றாகிவிடாது. 2001இல் வெளியான 50 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தை நிரப்பிவிட்டுத் தமக்குத் தாமே தீர்ப்பளிப்பது போதாது என்பது மெய்யே. அது சல்லடை மட்டுமே, தராசு அன்று. ஆனால், மருத்துவரை நாடுபவர் அத்தராசையன்றோ கேட்கிறார்? தமது இளமைக்கால வரலாற்றையும் இன்றைய நடத்தையையும் பயிற்சி பெற்றோரின் ஆய்வுக்கு உட்படுத்தி, “அன்று” என்னும் விடையையும் ஏற்க முன்வருபவரை நாகரிகத்தின் பின் ஓடுபவர் எனல் நேர்மையன்று.

வளம் குறைவு, குழந்தைகளே முதன்மை என்னும் வாதம் மட்டுமே மதிப்புக்குரியது. இங்கிலாந்திலே வளர்ந்தோரையே கருதி 2009இல் ஓட்டிசச் சட்டம் இயற்றப்பட்டது. 2012இல் மருத்துவ வழிகாட்டியும் வந்தது. எனினும் பலர் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றனர். நிபுணர் பற்றாக்குறை இதற்கொரு காரணமே. அதற்கு மாற்று நிபுணரைப் பெருக்குதலேயன்றி, வரிசையில் நிற்பவரை வீட்டுக்கு அனுப்புதலன்று. இன்று முதன்மை பெறும் குழந்தையும் நாளை அவ்வரிசைக்கே வரும்.

தமிழுலகுக்கும் இதிலோர் கடமையுண்டு. ஓட்டிசத்தைக் குறிக்க வழங்கும் மதியிறுக்கம் என்னும் சொல், அறிவே இறுகிவிட்டது என்ற பொருளைத் தருகின்றது. பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டு, அதனை நாடி வருபவர் தயங்குகிறாரே என வியப்பதிற் பொருளில்லை. பல்கலைக்கழகங்களும் விலக்கல்ல. கருத்தரங்கிலே கண்பார்த்துப் பேசாத மாணவனைத் திமிர் பிடித்தவன் என்றும், கூட்டத்தின் இரைச்சலில் எழுந்து வெளியேறும் மாணவியை மரியாதை அறியாதவள் என்றும் சொல்லும் வாய்கள் அங்கும் உள. பெயர் சூட்டுவது தீங்கென வாதிடும் இச்சமூகம் இவர்களுக்கு ஏலவே பெயர் சூட்டிவிட்டது. அவர்கள் கேட்பது அதற்குப் பதிலாகச் சரியான பெயரொன்றையே.